மடைக்கு முன்னால் ஒரு பள்ளம்

அண்ணாச்சி இருந்தார். அளவைக் கம்பெனி அவருடையது. எல்லோருக்கும் அண்ணாச்சி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

பொதுப்பணித் துறையிலிருந்து வந்த பொறியாளர் அம்மா இருந்தார். குளத்தின் ஆழப் படத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு ஒரு மணிக் கூட்டத்துக்குப் போக வந்தவர்.

இசக்கி இருந்தார். படகுக்காரர். களக்காட்டுப் பக்கத்தில் நாங்கள் அளந்த அந்தக் குளத்தில் மீன் குத்தகை அவருக்கு. எங்கள் பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்.

முத்துக்குட்டி இருந்தான்.

நான் இருந்தேன். நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலியை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அலுவலகத்தில் சுழல் நாற்காலி ஒன்றுதான். கணினிக்கு முன்னால், மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்தது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், பாத்திரக் கடைக்கு மேலே ஒற்றை அறை. பங்குனி வெயில். அந்த நாற்காலியில் மட்டும்தான் காற்று வரும்.

ஆறு வருடம் படகில் நின்ற பிறகு எனக்கு அது கிடைத்தது. நான் படகில் இருந்தபோது மூங்கில் கழிதான். முக்கிப் பார்த்து ஆழத்தைச் சொல்ல வேண்டும், ஒருத்தன் எழுதுவான். பிறகு ஒலியை அடிக்கு அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி வந்தது. வினாடிக்கு ஒரு அளவு தானே பதிந்துகொள்ளும். அந்தக் கருவியோடு முத்துக்குட்டி படகுக்குப் போனான். அண்ணாச்சி என்னை மாடிக்குக் கூட்டி வந்தார்.

முத்துக்குட்டி என்னைவிட இளையவன். என்னைப் போல ஒன்பதாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராக இருந்தவன். அவன் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. அவன் படகுக்குப் போன முதல் வாரம் அண்ணாச்சி அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். நான் ஆறு வருடமும் தலையில் துண்டுதான் கட்டினேன். டீ வந்தால் முதல் டம்ளர் அவனுக்குப் போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கை அப்படியே அவன் பக்கம் நீளும். சில பேருக்கு அப்படி அமைகிறது.

இதை எழுதச் சொன்னதும் அவன்தான். இப்போது கம்பெனியில் பங்குதாரர். "புதுசா சேந்த பிள்ளைக படிக்கட்டும் அண்ணே. கம்ப்யூட்டர் விழுந்தா என்ன செய்யணும்னு நீங்க எழுதுங்க" என்றான். எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள். ஆனாலும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். படகு போன தடத்தில் மட்டும்தான் நமக்கு ஆழம் தெரியும். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே தெரியாது. குளத்தையே சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆழத்தைக் கணக்குப் போட்டுத் தருவது மென்பொருள். எங்களிடம் இருந்ததில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரை. கட்டளையைத் தட்டினால் ஓடும். எனக்கு அந்த இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, பார்க்கத் தெரியும். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பேன். நாலு வருடம் அப்படித்தான் ஓடியது.

அன்று ஓடவில்லை. கட்டளையை அடித்தேன். நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ஒற்றை வரி வந்து விழுந்தது. செக்மென்டேஷன் ஃபால்ட் என்று பிறகு சொன்னார்கள். வேறு ஒரு சொல்லும் இல்லை. எங்கே தப்பு, எந்த வரியில் தப்பு, ஒன்றும் சொல்லாது. விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லும்.

"என்னலே, படுத்துட்டா?" என்றார் அண்ணாச்சி.

"படுத்துட்டு அண்ணாச்சி."

"கம்ப்யூட்டர் கெழடாயிப் போச்சோ?"

"ஒரு எலுமிச்சம்பழத்தச் சுத்திப் போடும்வே. பார்வ பட்டிருக்கும்" என்றார் இசக்கி.

முத்துக்குட்டி சிரித்தான். பொறியாளர் அம்மா சிரிக்கவில்லை. "ஒரு மணிக்கு நான் அங்க இருக்கணும். எங்க எவ்வளவு மண் எடுக்கணும்னு படத்துல காட்டணும். படம் இல்லாம போனா இந்தக் குளம் இந்த வருஷம் கிடையாது" என்றார். நல்ல மனுஷி. ஆற்றங்கரை ஊர்க்காரர், வாத்தியார் வீட்டுப் பெண். சத்தம் போட மாட்டார். அது இன்னும் கஷ்டம்.

அண்ணாச்சி வேறொரு சங்கதியையும் அந்த நேரத்தில்தான் போட்டு உடைத்தார். "அடுத்து அஞ்சு குளம் வருது. கணக்குக்கு ஒருத்தன் இங்கன இருக்கணும். ஒருத்தன் படகோட கெடக்கணும், ஊர் ஊராப் போணும். இந்தப் படத்த எவன் வெளிய எடுக்கானோ அவன் இங்கன இருக்கட்டும்."

அதுவரை அந்த நாற்காலி என்னுடையது என்று நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டது. முத்துக்குட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை நிறுத்தியிருந்தான். அவனுக்கும் வெயில் பிடிக்கவில்லை போலும்.

விழுந்த மென்பொருளோடு சண்டை போடக் கூடாது. அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதே இடத்தில்தான் விழும். கொடுத்ததைப் பாதியாக வெட்டுங்கள். எந்தப் பாதியில் விழுகிறது என்று பாருங்கள். விழுகிற பாதியை மறுபடி வெட்டுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படகில் மோட்டார் நின்றால் பெட்ரோல் குழாயை ஒரு முனையிலிருந்து கழற்றிப் பார்ப்போம் இல்லையா, அதே புத்திதான்.

அளந்தது ஐந்து நாள். ஒவ்வொரு நாளையும் தனித்தனியே ஓட்டினேன். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் ஓடியது. மூன்றாம் நாள் விழுந்தது. நாலும் ஐந்தும் ஓடின. மூன்றாம் நாளைப் பாதியாக்கினேன். முன்பாதி ஓடியது. பின்பாதி விழுந்தது.

விழுகிற ஒவ்வொரு தடவையும் அது நின்று யோசித்துத்தான் விழும். பழைய கணினி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பொறியாளர் அம்மா இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தப் பாதியத் தூக்கிப் போட்டுட்டு மத்தத அடிலே" என்றார் அண்ணாச்சி.

அடித்தேன். ஓடியது. படம் வந்தது. கரையோரம் பச்சை, உள்ளே போகப் போக நீலம். வழவழவென்று, ஓர் ஓட்டை கிடையாது. அச்சடித்துக் கொடுத்தேன். அண்ணாச்சி என் தோளில் தட்டினார். அந்தக் கை அதற்கு முன்னால் என் தோளுக்கு வந்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். விசிறிக் காற்று முகத்தில் நேராக அடித்தது.

பொறியாளர் அம்மா படத்தைச் சுருட்டப் போனார். முத்துக்குட்டி குனிந்து பார்த்தான்.

"அண்ணே, மடைக்கு முன்னால பள்ளம்லா இருக்கணும். இங்கன மேடா காட்டுது."

"நீ என்னத்தக் கண்டே?" என்றேன்.

"நான் அங்கன அஞ்சு நாள் கெடந்தேன் அண்ணே."

இசக்கியும் எட்டிப் பார்த்தார். "ஏலே, தண்ணி சாடுத எடம்லா அது. என் மருமவன் வலையெடுக்க முங்கிட்டு, அடியத் தொட முடியாம மூச்சு வாங்க மேல வந்தான். மேடுங்கான்!"

பொறியாளர் அம்மா படத்தை மறுபடி விரித்தார். மடை இருக்கிற இடத்தில் விரலை வைத்தார். "இங்க ஒன்றரை மீட்டர் மண் எடுக்கணும்னு வருதே. மடைச் சுவருக்கு அடியில. எந்திரம் வந்து இதைப் பாத்துத்தான் தோண்டும்." பிறகு என்னைப் பார்த்தார். முத்துக்குட்டியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவனைத்தான் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இது சரிதானே?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

படம் என் கையில் இருந்து போனது. சரி என்று சொன்னால் சரி. கணினி சொல்லுது அம்மா என்றால் போதும். மீன்காரரும் படகில் போனவனும் சொல்வதை விட்டுவிட்டு அவர் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். நாற்காலி எனக்கு. எந்திரம் போய் மடைச் சுவரின் காலடியைத் தோண்டும். கல் மடை. எந்தக் காலத்தில் கட்டினார்களோ. அடுத்த மழையில் குளம் நிறையும்போது அடி மண் இல்லாமல் அது நிற்க வேண்டும்.

முத்துக்குட்டி வாயைத் திறந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தவன் வேறு யாராகவாவது இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"சரியில்லம்மா. அங்கன அளவே இல்ல. மூணாம் நாள்ல பாதிய எடுத்துட்டேன். பக்கத்துல இருக்க மேட்ட வச்சு அதுவா நிரப்பிக்கிட்டு."

"ஏம்லே, முன்னாலயே சொல்லப்பிடாதா?" என்றார் அண்ணாச்சி. தோளில் இருந்த கை போய்விட்டது. தூக்கிப் போடச் சொன்னவர் அவர்தான். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நேரம் வீண்.

கட்டம் போடுகிற மென்பொருளுக்குக் காலி இடம் என்றால் ஆகாது. அளவு இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே மாதிரி வழித்துப் பூசிக் கொடுக்கும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அது விழும்போது பயப்பட வேண்டாம். நீங்கள் எதையோ தூக்கிப் போட்ட பிறகு ஓடுகிறதே, அப்போது பயப்படுங்கள்.

பொறியாளர் அம்மா உட்கார்ந்தார். "இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் பின்பாதியைத் திரையில் திறந்தேன். அதை முதலிலேயே திறந்திருக்கலாம். கட்டளையை நம்பிப் பழகினவன் உள்ளே பார்க்க மாட்டான். மூன்று வரிசை எண்கள். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, ஆழம் எவ்வளவு. கீழே தள்ளிக்கொண்டே போனேன். முத்துக்குட்டி பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கை பட்டால் நாற்காலி லேசாகத் திரும்பும். திரும்பியது.

எண்கள் ஓடின. ஓர் இடத்துக்கு மேல் ஓடவில்லை. ஆழம் மட்டும் ஒன்றிரண்டு இலக்கம் ஆடியது. கிழக்கும் வடக்கும் அதே. அதே. அதே. பக்கம் பக்கமாக அதே.

"எல்லாம் ஒரே எடம்" என்றான் முத்துக்குட்டி.

நானும் அதே நேரத்தில்தான் பார்த்தேன். அவன் வாய் முந்திக்கொண்டது.

"படகு நின்னுருக்கு. எங்க நிறுத்துனீங்க?" என்றேன்.

அவன் இசக்கியைப் பார்த்தான். இசக்கி தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு உத்திரம்லாவே" என்றார்.

பங்குனி உத்திரம். அந்தக் குளத்து மடைக் கரையில் ஒரு சாஸ்தா உண்டு. வேலைக்கு நடுவே படகை மடைத் தூணில் கட்டியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் இரண்டு கயிறு, ஆடாமல். கரையேறிப் பொங்கல் வைத்திருக்கிறார்கள்.

"மெசின அணைக்கலியாலே?"

"அணைச்சா திரும்ப சாட்டிலைட்டப் பிடிக்க அரமணி நேரம் கெடக்கணும் அண்ணே. ஓடிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுட்டோம்."

அதில் தப்புச் சொல்ல முடியாது. நான் படகில் இருந்தபோதும் அந்தச் சாஸ்தா முன்னால் நிறுத்தாமல் போனதில்லை. சூடம் காட்டுவோம், நெற்றியில் பூசுவோம், போவோம். கழி படகில் படுத்துக் கிடக்கும். கழி தானாக ஒன்றும் எழுதாது. கருவி எழுதும். யாரும் இல்லாத படகில் உட்கார்ந்து, வினாடிக்கு ஒரு தடவை, ஒரே இடத்து ஆழத்தை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யாரெல்லாம் இருந்தீங்க?" என்று கேட்டேன். வேலைக்கு அந்தக் கேள்வி தேவையில்லை.

"நான், இசக்கியண்ணாச்சி, அவுக வீட்டு ஆளுக. நம்ம அண்ணாச்சியும் வந்திருந்தாவ."

திரும்பினேன். அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பாத்திரக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தற்செயலாப் போனேம்லே. வள்ளியூர்ல ஒரு சோலி. போற வழி" என்றார்.

வள்ளியூருக்குப் போக அந்தப் பாதை சுற்று. அதையும் நான் சொல்லவில்லை.

"இத்தன புள்ளி ஒரே எடத்துல கெடந்தா என்ன?" என்று பொறியாளர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வருடமாக அந்தக் கட்டளையை அடிக்கிறேன், அது உள்ளே என்ன செய்கிறது என்று பாதிதான் தெரியும். புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டும், அதை வைத்துத்தான் கட்டத்துக்கு ஆழம் போடும் என்று கம்பெனிக்கு அதை விற்றவர் சொல்லியிருந்தார். அதை நான் ஒருநாள் பேருந்தில் முத்துக்குட்டியிடம் சொன்னேன். சும்மா, நேரம் போக.

இப்போது அவன் முன்னால் வந்து சொன்னான்: "அம்மா, மூணு முளைய மூணு எடத்துல அடிச்சாத்தான் கயித்தக் கட்டி முக்கோணம் போடலாம். மூணையும் ஒரே குழியில அடிச்சா எங்கன கூடிக் கட்டுவீங்க? அதான் திக்குமுக்காடி விழுது."

பொறியாளர் அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "அட" என்றார்.

நான் சொன்ன முக்கோணம். அவன் அடித்த முளை. அந்த 'அட' அவனுக்கு.

இன்றைக்கு வரை அந்த 'அட' என் காதில் இருக்கிறது. எனக்கு இரண்டு பெண்கள், கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று. சொந்த வீடு இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை அவன் கொண்டுபோய்விட்டான்.

"அண்ணே, ஒரே எடத்துல கெடக்குறத ஒரு புள்ளியா ஆக்குததுக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. அட்டையில் கடைசி வரி. விற்றவர் சொன்னார் என்று எழுதி வைத்தது. அதுவரை தேவைப்பட்டதே இல்லை. ஓடுகிற படகிலிருந்து ஒரே இடத்தை யார் இரண்டு தடவை அளப்பார்கள்? சராசரி எடுக்கட்டுமா, நடுவில் இருக்கும் அளவை எடுக்கட்டுமா என்று அது கேட்கும். நடு அளவைக் கொடுத்தேன். கட்டிப் போட்ட படகுக்கு அடியில் மீன் வந்து நிற்கும், நிழலுக்கு. மீன் முதுகில் பட்டுத் திரும்பின ஒலியையும் ஆழம் என்றுதான் கருவி எழுதியிருக்கும். சராசரி எடுத்தால் அதுவும் சேர்ந்து பள்ளம் மேலே வந்துவிடும். ஏன் அப்படிக் கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

பிறகு எல்லா நாளையும் சேர்த்து ஓட்டினேன். நின்றது. விசிறி மட்டும் ஓடியது. விழவில்லை.

மடைக்கு முன்னால் கருநீலமாக ஒரு பள்ளம் இறங்கியிருந்தது.

"அதாம்லே எடம்!" என்றார் இசக்கி, தானே தோண்டினவர் போல.

பொறியாளர் அம்மா சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். போகும்போது எனக்குத்தான் தலையசைத்தார். சரியில்லை என்று சொன்னதற்காகத்தான் அது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மேஜைமேல் கிடந்த காகிதத்தை அடுக்கினார். பிறகு சொன்னார். "அவன் சொன்ன பொறவுதாம்லே படம் வந்துச்சு. அவன் இங்கன இருக்கட்டும். நீ பைய படகுக்குப் போ. உனக்குத் தெரியாத தண்ணியா?"

"சரி அண்ணாச்சி."

"வருத்தமாலே?"

"இல்ல."

நியாயமான முடிவுதான். அந்தக் கட்டளையின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவன் கண்டான். நான் வாலைப் பிடித்தேன். அநியாயமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லித் திரிந்திருப்பேன்.

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "வெயிலுக்கு வேணுமே அண்ணே." வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அதைத்தான் போட்டேன். நல்ல கண்ணாடி.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வெட்டத் தொடங்கினால் பாதியில் நிறுத்தாதீர்கள். எண்களைத் திறந்து பாருங்கள். படகில் போனவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவனைப் பிடிக்காவிட்டாலும். பிடிக்காதவன் உங்கள் படத்தைக் குனிந்து பார்த்தால் தடுக்காதீர்கள். அவன் மாதிரி யாரும் பார்க்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருந்தது. படத்தோடு போகிற அறிக்கையில், ஒன்றாக்கிய புள்ளிகள் எத்தனை என்று எழுத வேண்டும். "நீங்களே எண்ணிச் சொல்லுங்க அண்ணே, நான் எழுதிக்கிடுதேன்" என்று முத்துக்குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். சுழல் நாற்காலியில் நான் செய்த கடைசி வேலை அது.

வினாடிக்கு ஒரு புள்ளி. அவர்கள் கயிற்றைக் கட்டிக் கரையேறியது முதல், இலை எடுத்துக் கை கழுவிப் படகுக்குத் திரும்பியது வரை. அவ்வளவு நேரமும் நான் இந்த அறையில் இருந்தேன். எண்ணச் சொல்லிக் கட்டளை அடித்தேன். இந்தத் தடவை நிற்கவில்லை, உடனே சொன்னது.

மூவாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.